எழுதிய எண்ணும் ஏறிய எண்ணும்

(ஒரு கல்லூரிக் கணிதக் கழகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கழகத்தின் காரியதரிசி என்னை வந்து கண்டு விழாவில் பேச வேண்டுமென்று கேட்டபோது, இக்காலத்தில் எல்லா மேடைகளிலும் முழங்குகிற செயற்கை அறிவைப் பற்றியே நான் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சொன்ன தலைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டபோது அவர் முகத்தில் எழுந்த ஏமாற்றத்தை மறைக்க அவர் செய்த பிரயத்தனம் முழுதும் பலிக்கவில்லை. தசமப் புள்ளியோடு எழுதப்பட்ட ஓர் எழுத்துச் சரத்தைக் கணிப்பொறி எவ்வாறு மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றிக்கொள்கிறது என்பதுதான் அந்தத் தலைப்பு. பார்வைக்கு இது அற்பமான விஷயம். நிரல் எழுதுகிற எவரும் நாளொன்றுக்குப் பத்து முறை, அது ஒரு வேலை என்ற நினைவே இல்லாமல், ஒரு வரியில் செய்து முடிக்கிற காரியம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் புகுந்து பார்த்தவர்களுக்கு, கணித சாஸ்திரத்தில் நல்ல தேர்ச்சியுள்ள பலர் முப்பது நாற்பது ஆண்டுகள் தலையைக் கொடுத்துப் போராடிய இடம் அது என்பது தெரியும்.

முதலில் ஒரு பேதத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். விசைப்பலகையில் 4.35 என்று தட்டினால் பொறிக்குள் போவது ஓர் எண்ணன்று, நான்கு எழுத்துக்கள். அங்கே முதலில் நிற்கும் நான்கு என்ற இலக்கத்துக்கு ஆஸ்கி முறையில் 52 என்பது குறியீடு, புள்ளிக்கு 46, மூன்றுக்கு 51, ஐந்துக்கு 53. இந்த 52, 46, 51, 53 என்ற வரிசையைக் கூட்டவும் முடியாது, பெருக்கவும் முடியாது. பெயர்ப்பலகையில் எழுதிய ஊர்ப்பெயருக்கும் அதற்கும் பொறியின் கண்ணில் வித்தியாசம் இல்லை. அந்த எழுத்துக்களைப் படித்து, அவை குறிக்கிற அளவை உணர்ந்து, கணக்குப் போடத்தக்க ஒரு வடிவத்தில் ஏற்றி வைக்கிற செயலுக்குத்தான் சி மொழியில் ஒரு செயற்கூறும், ஜாவாவில் ஒன்றும், பைதானில் ஒன்றும் இருக்கின்றன. எழுதிய எண் ஒன்று, ஏறிய எண் ஒன்று. இரண்டும் ஒன்றேயென்று நாம் நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கையால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். நிரல் எழுதத் தொடங்கிய இளமையில், கொங்கு நாட்டில் ஒரு பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு வாரப் பட்டுவாடாக் கணக்கைக் கணிப்பொறியில் போட்டுக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். லிட்டருக்கு விலை 4.35 ரூபாய். விலையை எழுத்தாகப் படித்து, எண்ணாக மாற்றி, நூறால் பெருக்கி, பைசாவாக்கி, பின்னத்தை வெட்டிவிட்டுச் சேமித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். கணிதம் படித்த எவனும் அதில் குற்றம் காணமாட்டான் என்பது என் எண்ணம். முதல் பட்டுவாடா நடந்த அன்று, பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத ஒரு மூதாட்டி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, நாலு முப்பத்தஞ்சுன்னுதானுங்களே சொன்னாங்க? சீட்டுல ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு பைசா கொறையுதுங்களே?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொறி தவறு செய்யாது என்று அந்த அம்மாளுக்குச் சமாதானம் சொன்னேன் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மாலையில் எல்லோரும் போன பிறகு தனியே உட்கார்ந்து பார்த்தபோதுதான், 4.35-ஐ நூறால் பெருக்கினால் என் பொறிக்குக் கிடைப்பது 435 அன்று, 434-க்குப் பின்னால் ஒன்பதுகள் வரிசை கட்டி நிற்கிற ஒரு தொகை என்பதும், பின்னத்தை வெட்டியதில் முழுதாக ஒரு பைசா போய்விட்டது என்பதும் தெரிந்தன.

இது எதனால் நேர்கிறது? பொறி எண்களை இரண்டின் அடுக்குகளால் எழுதுகிறது. நாம் பத்தின் அடுக்குகளால் எழுதுகிறோம். முழு எண்களில் இந்த வேற்றுமை ஒன்றும் செய்யாது, பின்னங்களில் செய்யும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நம் எண்சுவடியில் இறங்கிக்கொண்டே போகிற வரிசை இருக்கிறதே, இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்ற அந்த வரிசை பொறிக்குத் தாய்மொழி போன்றது. அவற்றை எழுத்துப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் அதே சுவடியில் மா என்றொரு பின்னமும் உண்டு, இருபதில் ஒன்று. காணி உண்டு, எண்பதில் ஒன்று. முந்திரி உண்டு, முந்நூற்றிருபதில் ஒன்று. இவற்றின் பகுதியில் ஐந்து என்ற காரணி புகுந்துவிட்டபடியால், மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் மூன்று மூன்றாக முடிவில்லாமல் ஓடுவது போல, இவற்றை இருமத்தில் எழுதப் புகுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாணயத்தில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னால் நம் ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவும், அதன் காற்பங்கான காலணாவும் இரும எண்ணில் கச்சிதமாக அடங்கும். அணாவைப் பன்னிரண்டாக வகுத்த பை மட்டும் மூன்று என்ற காரணியால் அடங்காமல் போகும். அந்தத் தேதியில் நயா பைசா வந்து ரூபாயை நூறாக வகுத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு எளிதாயிற்று. பிற்காலத்தில் வரப்போகிற பொறிகளுக்கோ கடினமாயிற்று. ஒரு பைசாவிலிருந்து தொண்ணூற்றொன்பது பைசா வரையில் ரூபாயின் பின்னமாக எழுதிப் பார்த்தால், இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து ஆகிய மூன்றே மூன்று தொகைகள்தாம் இருமத்தில் முற்றும் பொருந்தும். மற்றத் தொண்ணூற்றாறும் பொருந்தா. அணாக் காலத்தில் கணிப்பொறி வந்திருந்தால் அந்த மூதாட்டியிடம் நான் தலைகுனிய நேர்ந்திராது என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு.

பொறியிடத்தில் உள்ள இடமோ எல்லைக்குட்பட்டது. இன்று பெருவழக்கில் உள்ள டபுள் என்ற மிதவைப் புள்ளி வகைக்கு 64 பிட்டுகள், அதாவது இரும இலக்கங்கள்: கூட்டல் கழித்தல் குறிக்கு ஒன்று, புள்ளி நிற்கும் இடத்தைச் சொல்லும் அடுக்குக்குப் பதினொன்று, எஞ்சிய 52 இலக்கங்களுக்கு, எழுதாமலே உணரப்படுகிற ஒரு முன்னிலக்கத்தையும் சேர்த்தால் 53. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இத்தகைய எண்கள் 4503599627370496 இருக்கின்றன. இரண்டுக்கும் நான்குக்கும் இடையேயும் அதே தொகைதான். நான்குக்கும் எட்டுக்கும் இடையேயும் அதே. தெரு நீண்டுகொண்டே போகிறது, வீடுகளின் தொகையோ மாறுவதில்லை என்றால், வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள இடைவெளி அகன்றுகொண்டே போகும் அல்லவா? 4.35 என்று நாம் விலாசம் எழுதி அனுப்புகிற இடத்தில் வீடே இல்லை. மிகவும் அண்டையில் இருப்பது 4.34999999999999964 என்ற அளவில் தொடங்கி இன்னும் நீள்கிற ஒரு வீடு. 0.1-க்கும் வீடு கிடையாது; அதன் பெயரால் பொறி வைத்துக்கொள்வது 3602879701896397 என்பதை இரண்டின் 55-ஆம் அடுக்கால் வகுத்த ஈவு; தசமத்தில் முழுதும் எழுதினால் புள்ளிக்குப் பின் 55 இலக்கங்கள் வரும்.

பத்தில் ஒன்றை இருமத்தில் அடக்க முடியாத இந்தக் குறை பைசாவோடு நிற்கவில்லை என்பதற்கு ஒரு துயரமான சாக்ஷி உண்டு. 1991 பிப்ரவரி 25-ஆம் தேதி, வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தியிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தளம் ஒன்று, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையை மறிக்கத் தவறியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர். அதன் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. அந்த எண்ணிக்கையை வினாடியாக்கப் பெருக்க வேண்டிய பத்தில் ஒன்று 24 பிட்டுகளில் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. அது மிதவைப் புள்ளியன்று, புள்ளி இடம் மாறாத நிலைப்புள்ளி. ஆயினும் வியாதி ஒன்றே. நூறு மணி நேரம் இடைவிடாமல் ஓடிய பிறகு பிழை ஏறத்தாழ 0.34 வினாடியாகப் பெருகியிருந்தது. ஏவுகணையின் வேகத்தில் அது அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம்.

இனிப் படிக்கும் தொழிலுக்கு வருவோம். எழுதிய எண்ணுக்கு வீடு இல்லையென்றால், படிப்பவனுடைய கடமை என்ன? உள்ள வீடுகளில் அதற்கு மிகவும் அருகே இருப்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இதைக் காட்டிலும் எளிய விதி உலகில் இருக்க முடியாது என்று தோன்றும். இரண்டு வீடுகளுக்கும் சரிநடுவே விலாசம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு: கடைசி பிட் பூஜ்யமாக உள்ளதை, அதாவது இரட்டைப்படையானதை, எடுத்துக்கொள்க. எப்போதும் மேலேயே தூக்கினால் கணக்குகள் யாவும் மெல்ல மெல்ல மேல்நோக்கிச் சாயும். இரட்டைப்படையின் பக்கம் போனால் பாதி மேலும் பாதி கீழுமாகச் சமன்படும். நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் இந்த எளிய விதியை நிறைவேற்றுவதில் உள்ள சூக்ஷ்மத்தைப் பாருங்கள். இரண்டின் 53-ஆம் அடுக்கு 9007199254740992. அதற்கு மேலே வீடுகள் இரண்டிரண்டாகத் தள்ளி நிற்கின்றன. அடுத்த வீடு 9007199254740994. ஒருவர் 9007199254740993 என்று எழுதினால் அது சரிநடுவில் விழுகிறது. இரட்டைப்படை விதியால் கீழே உள்ள 992-க்குப் போகும். அதே எண்ணை எழுதி, புள்ளி வைத்து, அதன்பின் நூறு பூஜ்யங்களை எழுதி, நூற்றோராவது இடத்தில் ஓர் ஒன்றைப் போட்டால்? இப்போது அது நடுவைக் கடந்துவிட்டது. மயிரிழையினும் நுண்ணிய அளவுதான், ஆனாலும் கடந்துவிட்டது. ஆகவே 994-க்குப் போக வேண்டும். நூறு பூஜ்யங்களைப் படித்துச் சலித்தவன், இனி என்ன வந்தாலென்ன என்று ஏட்டை மூடிவிட்டால் தவறான வீட்டுக்குப் போய்ச் சேருவான். எண்ணின் முதல் பதினேழு இலக்கங்களே அதன் சொரூபத்தைச் சொல்லிவிடுகின்றன என்பது பெரும்பாலும் மெய். ஆயினும் வாலில் நிற்கிற ஒற்றை இலக்கம் தீர்ப்பையே மாற்றுகிற சந்தர்ப்பங்கள் உண்டு. மிகச் சிறிய எண்களின் பிராந்தியத்தில் இரண்டு வீடுகளின் நடுப்புள்ளியைத் தசமத்தில் முழுதும் எழுத 760-க்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டியிருக்கும். அங்கே படிப்பவன் அவ்வளவு தூரமும் கண்ணைத் திறந்துகொண்டே போக வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற உபாயம் வேறு. இலக்கங்களை இடமிருந்து வலமாகப் படித்து, ஒவ்வொரு முறையும் கையில் உள்ளதைப் பத்தால் பெருக்கி அடுத்த இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போய், இறுதியில் புள்ளிக்குப் பின் எத்தனை ஸ்தானங்கள் இருந்தனவோ அத்தனை முறை பத்தால் வகுத்துவிடுவது. நானும் அப்படித்தான் எழுதினேன். உங்களிலும் பலர் எழுதியிருப்பீர்கள். இதில் ஒவ்வொரு பெருக்கலும் ஒவ்வொரு வகுத்தலும் தன் பங்குக்கு ஒரு சிறு வெட்டு வெட்டும். வெட்டுகள் சேர்ந்து, பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய எண்ணை அதற்கும் அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடும். 0.3 என்ற சிறு சரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றைப் பத்தால் வகுத்தால் பொறி சரியான அண்டை வீட்டையே தருகிறது. வகுப்பதைவிடப் பெருக்குவது விரைவு என்று எண்ணி, மூன்றை 0.1-ஆல் பெருக்கினாலோ 0.30000000000000004 என்று வந்து நிற்கிறது. பத்து என்ற எண் பொறிக்குள் பழுதின்றி இருக்கிறது. பத்தில் ஒன்று ஏறும்போதே பழுதுபட்டது. பழுதற்ற இரண்டு எண்களைக் கொண்டு ஒரே ஒரு முறை வகுத்தால் வெட்டும் ஒன்றே. பழுதுபட்டதைக் கொண்டு பெருக்கினால் இரண்டு வெட்டுகள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தச் சிறு உண்மையிலிருந்தே மிகவும் பயனுள்ள ஒரு குறுக்குவழி பிறந்தது. பத்தின் அடுக்குகள் எதுவரை பழுதின்றி டபுளில் அடங்கும்? பத்தின் அடுக்கில் இரண்டின் பங்கை அடுக்குப் பகுதி ஏற்றுக்கொள்ளும். ஐந்தின் பங்குதான் 53 பிட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஐந்தின் 22-ஆம் அடுக்கு 2384185791015625, அடங்குகிறது. 23-ஆம் அடுக்கு அடங்காது. ஆகவே இலக்கங்கள் மட்டும் சேர்ந்த முழு எண் இரண்டின் 53-ஆம் அடுக்குக்கு மேற்படாமலும், பத்தின் அடுக்கு இருபத்திரண்டுக்கு மேற்படாமலும் இருந்தால், ஒரே பெருக்கலிலோ ஒரே வகுத்தலிலோ பிழையற்ற விடை கிடைத்துவிடும். நாம் அன்றாடம் எழுதுகிற விலை, எடை, வெப்பநிலை யாவும் இதற்குள் அடங்கும்.

பத்தின் 23-ஆம் அடுக்கு தானே ஒரு விநோதப் பிராணி. ஒன்றின் பின் இருபத்துமூன்று பூஜ்யங்கள் இட்ட அந்த எண், 99999999999999991611392, 100000000000000008388608 என்ற இரண்டு வீடுகளுக்கும் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் சரிநடுவில் விழுகிறது. இருபுறமும் தூரம் 8388608. இரட்டைப்படை விதி அதைக் கீழே தள்ளுகிறது. ஒரு மாற்றுச் செயற்கூறு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று எவரேனும் என்னைக் கேட்டால், நான் முதலில் கொடுத்துப் பார்க்கச் சொல்லும் சரங்களில் இது ஒன்று.

இந்தத் துறையின் சரித்திரத்தையும் சிறிது சொல்ல வேண்டும். எண்பதுகளுக்கு முன் ஒவ்வொரு பொறி உற்பத்தியாளரும் தத்தமக்கென ஒரு மிதவைப் புள்ளி முறையை வைத்துக்கொண்டிருந்தனர். ஐ.பி.எம்.மின் 360 வரிசை பதினாறை அடியாகக் கொண்டு எழுதியது. மற்றவர்கள் வேறு விதம். பெர்க்லியில் இருந்த வில்லியம் கஹான் என்ற கணிதப் பேராசிரியரின் பிடிவாதத்தால் பெரும்பாலும் உருவாகி, 1985-இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தராதரம் அந்தக் குழப்பத்தை ஒழித்தது. 1989-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் மிக அண்மையான விடையையே தர வேண்டும் என்று கண்டிப்பாக விதித்த அதே தராதரம், தசம எழுத்தைப் படிக்கும் விஷயத்தில் மட்டும் தயங்கியது. மிகப் பெரிய, மிகச் சிறிய எண்களில், நியாயமான வெட்டுக்கு மேல் கடைசி இலக்கத்தில் 0.47 பங்கு வரை கூடுதலாகப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. பெருக்கல் வகுத்தலைவிட ஓர் எண்ணை வாசிப்பதே கடினம் என்று நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்ட வாக்குமூலம் அது.

1990-இல் வில்லியம் கிளிங்கர் என்பவர் அந்தத் தயக்கத்தின் காரணத்தை நிரூபித்துக் காட்டினார். எத்தனை இலக்கம் என்று முன்கூட்டி வரம்பு கட்டிக்கொண்ட எந்தக் கணக்கு முறையாலும் எல்லாச் சரங்களையும் பிழையறப் படித்துவிட முடியாது. வேண்டிய மட்டும் நீளக்கூடிய பெரு முழு எண்கள் சில இடங்களில் அவசியம் என்பது அவர் முடிவு. அதே மாநாட்டில் கை ஸ்டீலும் ஜான் வைட்டும் எதிர்த்திசையில், பொறிக்குள் உள்ள எண்ணைப் பிழையற அச்சிடுவது எப்படி என்று ஒரு கட்டுரை படித்தார்கள். அவர்கள் தம் முறைக்கு டிராகன் என்று பெயரிட்டிருந்தனர். கிளிங்கரோ தம்முடையதற்கு, கிரேக்கக் கதையில் ஒரு பூதத்தைக் கொன்ற வீரனான பெல்லரஃபான் என்று பெயரிட்டார். கணிதக்காரர்களுக்கு நகைச்சுவை இல்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவ்வாண்டு முடியுமுன்னே பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த டேவிட் கே இவ்விரண்டையும் செயல்முறைக்குக் கொண்டுவந்து, சி மொழியில் ஒரு கோப்பாக எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார். அதன் யுக்தி அழகானது. முதலில் சாதாரணக் கணக்கால் ஓர் உத்தேச விடையைப் பிடித்துக்கொள். பிறகு பெரு முழு எண்களைக் கொண்டு, எழுதிய எண்ணுக்கும் உத்தேச விடைக்கும் உள்ள தூரத்தை, இரு வீடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியின் பாதியோடு ஒப்பிட்டுப் பார். பாதிக்குக் குறைவென்றால் விடை சரி. அதிகமென்றால் ஒரு வீடு நகர்ந்து மறுபடி ஒப்பிடு. பைதான் மொழி தன் 2.7, 3.1 பதிப்புகளிலிருந்து எண்களைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் இந்தக் கோப்பின் வழியையே பின்பற்றுகிறது. உலகத்தின் எண்களில் எவ்வளவு பங்கு அந்த ஒரு மனிதரின் கைவேலையின் வழியாகப் பொறிக்குள் ஏறியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். அவர் பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

"மறுபடி ஒப்பிடு" என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தில்தான் 2011-இல் விபத்து நேர்ந்தது. அவ்வாண்டு ஜனவரியில், 2.2250738585072011-ஐப் பத்தின் 308-ஆம் அடுக்கால் வகுத்த எண்ணைத் தசமச் சரமாகக் கொடுத்தால், 32 பிட்டு முறையில் ஓடிய பி.எச்.பி. மொழிப் பொறி ஸ்தம்பித்துவிடுகிறது என்று கண்டுபிடிக்கப்பட்டது. சில சில்லுகள் இடைக்கணக்கை 64 பிட்டில் செய்யாமல் 80 பிட்டில் செய்து பின்னால் சுருக்கியதால், திருத்தம் சொல்லும் நகர்வு நகர்வாகாமலே போய், வாசிப்பு அதே இடத்தில் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜாவாவிலும் அதற்கு அண்டையில் உள்ள 2.2250738585072012 என்று தொடங்கும் எண் அதே கதியை விளைத்தது என்று தெரிந்து, ஆரக்கிள் நிறுவனம் அடுத்த மாதமே அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஓர் இணையதளத்தின் படிவத்தில் ஓர் எண்ணை எழுதி அனுப்பினால் போதும், அதை நடத்துகிற பொறி வேறு வேலை செய்யாது. கோட்டையைத் தகர்க்கப் பீரங்கி வேண்டியிருக்கவில்லை. ஒரு தசமப் பின்னமே போதுமாயிருந்தது. டபுளின் முழுநிறை எண்களில் மிகச் சிறியது முடிந்து, அதனினும் குறைநிறையான எண்கள் தொடங்குகிற வாசற்படியில் அந்த எண் நிற்கிறது. வாசற்படியில் இடறுவது மனிதர்க்கும் இயல்பு.

ஐ.இ.இ.இ. 754 தராதரம் 2008-இல் திருத்தப்பட்டபோது, பழைய சலுகை போய்ப் பிழையற்ற வாசிப்பே விதியாயிற்று. அதன்பின் எஞ்சியது வேகம். மைக்கேல் ஐசல் என்பவரின் யோசனையைக் கொண்டு, கனடாவின் மாண்ட்ரியாலில் உள்ள பேராசிரியர் டேனியல் லெமியர் 2021-இல் வெளியிட்ட முறை, ஐந்தின் அடுக்குகளை 128 பிட்டு அளவில் முன்னரே கணக்கிட்டு ஒரு வாய்ப்பாடாக வைத்துக்கொள்கிறது. படித்த இலக்கங்களை வாய்ப்பாட்டின் ஓர் உருப்படியோடு பெருக்கிப் பார்த்தாலே அநேகமாக எல்லாச் சரங்களுக்கும் விடை ஐயமின்றித் தெரிந்துவிடுகிறது. ஐயம் எழுகிற அபூர்வமான இடத்தில் மட்டும் பழைய நீண்ட வழிக்குப் போகிறது. வினாடிக்கு ஒரு கிகாபைட் எழுத்தைப் படித்து எண்ணாக்க முடியும் என்று அவர் காட்டினார். கோ மொழியும் ரஸ்ட் மொழியும் அதே ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டன.

இவையெல்லாம் சரம் ஓர் எண்தான் என்று நிச்சயமான பிறகு எழுகிற சிரமங்கள். எது எண், எது எண்ணன்று என்பதே முதற் கேள்வியாக நிற்கிற சந்தர்ப்பங்கள் நம் நாட்டில் அதிகம். பன்னிரண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழை நாம் 12,34,567 என்று காற்புள்ளியிட்டு எழுதுகிறோம். சி மொழியின் செயற்கூறு முதற் காற்புள்ளியைக் கண்டதும் நின்று, "பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். பன்னிரண்டு லட்ச ரூபாய்ப் பட்டியல் பன்னிரண்டு ரூபாயாகிவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தை கிடையாது. எங்கே நின்றேன் என்பதை அது ஒரு மூலையில் குறித்து வைக்கத்தான் செய்கிறது. அந்தக் குறிப்பைப் பார்க்கிற சிரத்தை நிரல் எழுதுகிறவனுக்கு வேண்டும். ஜெர்மானியர் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியையே தசமக் குறியாக எழுதுகிறபடியால், அவர்கள் தேச வழக்கத்துக்கு அமைத்த பொறியில் நம் 3.14 வெறும் மூன்றாகிவிடுகிறது.

பைதான் இவ்விஷயத்தில் ஓர் ஆச்சரியத்தை வைத்திருக்கிறது. ௧௦.௫ என்று தமிழ் இலக்கங்களில் எழுதிக் கொடுத்தால் அது தயங்காமல் பத்தரை என்று படித்துவிடும். யூனிகோடில் தசம இலக்கம் என்று வகுக்கப்பட்ட எந்த மொழியின் எண்ணுருவையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் நம் முன்னோர் எழுதியபடியே பத்துக்கு உரிய ௰ என்ற ஒற்றைக் குறியைக் கொடுத்தால் ஏற்க மறுக்கும். ஏனென்றால் அது ஸ்தானமதிப்புள்ள இலக்கமன்று. பூஜ்யம் இட்டு எழுதும் புதுவழக்கைப் படிக்கிறது, பழைய சுவடியைப் படிக்காது. இதில் குறைசொல்ல இடமில்லை. ஒன்றும் சொல்லாமல் பன்னிரண்டு என்று பொய் சொல்வதைவிட, தெரியவில்லை என்று மறுப்பது எவ்வளவோ மேல்.

எண்ணல்லாததை எண்ணென்று படிப்பது இதன் மறுபக்கம். ஜப்பானின் ரிக்கன் ஆய்வுக்கூடத்தார் ஜீன்களுக்கு இட்ட அடையாளங்களில் ஒன்று 2310009 என்ற இலக்கங்களும், ஈ என்ற ஆங்கில எழுத்தும், 13-உம் சேர்ந்தது. விரிதாள் நிரலான எக்ஸெல் அந்த எழுத்தைப் பத்தின் அடுக்குக் குறியென்று கொண்டு, முழுவதையும் ஒரு மிதவைப் புள்ளி எண்ணாக்கி, 2.31 என்று தொடங்கும் பேரெண்ணாகச் சுருக்கிக் காட்டியது. மூல அடையாளம் மீளாமல் தொலைந்தது. 2004-இல் இது வெளியிடப்பட்டது. மார்ச், செப்ட் என்று தொடங்கும் ஜீன் பெயர்கள் தேதிகளாக மாறியதும் இதே இனம். கடைசியில் 2020-இல் மனித ஜீன்களுக்குப் பெயரிடும் குழு, நிரல் மாறுமென்று காத்திராமல், அத்தகைய ஜீன்களின் பெயரையே மாற்றியது. காலுக்குச் செருப்பு பொருந்தாமற்போனால் காலை வெட்டுவதா என்று நம்மவர் கேட்பார்கள். இங்கே வெட்டித்தான் விட்டார்கள்.

நண்பர்களே, இவ்வளவையும் கேட்டபின் உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். எண்ணைப் படிக்கும் செயற்கூற்றைப் பயிற்சிக்காக ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறர் பணமோ உயிரோ சம்பந்தப்பட்ட இடத்தில் நீங்கள் எழுதியதை வைக்காதீர்கள். முப்பது ஆண்டுகள் அடிபட்டுத் தேறியவை இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது, ரூபாயையும் பைசாவையும் மிதவைப் புள்ளியில் ஏற்றாதீர்கள்; பைசாவாகவே, முழு எண்ணாகவே, எழுத்திலிருந்து நேரே படித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சங்கத்தில் குறைந்த பைசாக்களை அடுத்த வாரப் பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த மூதாட்டி தமக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதை முன்னமே வாயால் கணக்கிட்டு வைத்திருந்தார். நான் திருத்திய நிரல் கொடுத்த தொகையும் அதுவாகவே இருந்தது. அதற்குப் பிறகு சங்கத்தின் விலைப் பதிவில் புள்ளியே கிடையாது; 435 என்று எழுதினார்கள்.